நினைவுக்கு விலை போட்ட பதிவு: வன்னியின் பழைய கேம் குழுவொன்றில் நடந்தது

பழைய ரிவி கேம்களில் ஆர்வமுள்ளவர்கள் கூடியிருக்கும் ஒரு வட்ஸ்அப் குழுவில் 2022 இன் கடைசி மாதங்களில் எழுந்த சிக்கல் பற்றிய ஆய்வு இது. அப்போது குழுவை நடத்திய மூவரில் நானும் ஒருவன். சம்பந்தப்பட்ட குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆட்களின் பெயர் போன்ற அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன். போரைக் கண்ட ஊர்களில் இப்படியான குழுக்களை நடத்துகிறவர்கள் இதே நிலைக்கு வரக்கூடும் என்பதால் முழுவதையும் சொல்கிறேன்.

பின்னணி

குழு 2020 மார்ச் ஊரடங்கில் தொடங்கியது. கிளிநொச்சியில் ஒன்றாகப் படித்த சிலர் போனில் எமுலேற்றர் (பழைய கேம்களை ஓடவைக்கும் செயலி) போட்டு கொன்ட்ரா என்ற கேமை விளையாடி, ஆளுக்காள் படம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களின் மச்சான்மார், அயலவர்கள் என்று முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கமும் ஆட்கள் சேர்ந்தார்கள். பிறகு ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று வெளியே போனவர்களும் வந்தார்கள். அப்போது ஒரு வட்ஸ்அப் குழுவில் 256 பேர்தான் இருக்கலாம். அது நிரம்பியதும் திருத்த வேலைகளுக்கென்று இரண்டாவது குழுவைத் திறந்தோம்.

நடந்ததை விளங்கிக்கொள்ள, இந்த விளையாட்டுகள் வன்னிக்குள் எப்போது வந்தன என்பதைச் சொல்ல வேண்டும். நின்டென்டோவின் ஃபமிகொம் என்ற, ரிவியில் பொருத்தி விளையாடும் பெட்டி 1983 இல் ஜப்பானில் வெளிவந்தது. அதைப் பார்த்துத் தாய்வானிலும் சீனாவிலும் செய்த மலிவுப் பெட்டிகள் ஆசியா முழுக்கப் பரவின. 90களில் வன்னியில் கரண்ட் இல்லை. பொருளாதாரத் தடைப் பட்டியலில் பற்றறியும் இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலம் அது. வேறு ஊர்ப் பிள்ளைகள் கையில் பிரிக் கேமை வைத்துக் கட்டை அடுக்கியபோது, வன்னியில் அதற்குப் போடும் பென்டோர்ச் பற்றறியே தடைசெய்யப்பட்ட சாமான்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்தது. ஏப்ரலில் வன்னியூடாகப் போகும் ஏ9 வீதி திறந்தது. எங்கள் உறுப்பினர்களில் வன்னிக்குள் வளர்ந்த அநேகமானோர் முதல் ரிவி கேமைக் கண்டது அதற்குப் பிறகுதான். வவுனியாவிலிருந்தோ கொழும்பிலிருந்தோ யாராவது கொண்டுவந்திருப்பார்கள். பக்கத்து வீட்டு ஜெனரேற்றரில் இரவில் படம் ஓடுவதற்கு முன் அரை மணித்தியாலம் மரியோ விளையாடக் கிடைக்கும். 2006 ஓகஸ்ட்டில் வீதி மூடப்பட்டது. 2008, 2009 இடப்பெயர்வில் சனம் உயிரைத் தவிர எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனது. ஆகவே வன்னியின் ரிவி கேம் காலம் என்பது ஏறக்குறைய அந்த நான்கு ஆண்டுகள்தான். அதன் சாட்சியாக இன்று எவரிடமும் பெட்டி மிஞ்சியிருப்பது அரிது.

குழுவில் சேருகிறவர்கள் தம்மிடமுள்ள பழைய கேம் ஒன்றைப் படம் எடுத்துப் போட்டு அறிமுகமாக வேண்டும் என்பது தொடக்க வழக்கம். கொழும்பில் வளர்ந்தவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் அலுமாரி நிறைய வைத்திருப்பதைப் போட்டார்கள். வன்னி ஆட்களிடம் போட ஒன்றும் இல்லை. அதனால் அவர்கள் கதை சொன்னார்கள். எந்த வீட்டில் விளையாடினோம், யார் கூட விளையாடினார்கள், அந்தப் பெட்டி கடைசியாக எங்கே விடப்பட்டது என்று எழுதினார்கள். அந்தப் பதிவுகளுக்கு விழுந்த இதயங்களும் கண்ணீரும், எந்த அரிய கேம் கசெற்றின் படத்துக்கும் விழவில்லை. பெட்டி வைத்திருப்பதைவிடக் கதை வைத்திருப்பது பெரிது என்ற நிலை மெல்ல மெல்ல வந்தது. பின்னால் நடந்ததற்கு வேர் இங்கே இருக்கிறது என்றுதான் நான் பார்க்கிறேன்.

இன்னொரு காரணம் பணம். 2022 மார்ச்சுக்கு முன் 200 ரூபாவளவில் இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. வெளிநாட்டு உறுப்பினருக்குச் சின்னக் காசாகத் தெரிந்த தொகை இங்கே ஒரு குடும்பத்தின் மாதச் செலவு. குழுவில் முன்பு இடைக்கிடை நடந்த விற்பனை அந்த ஆண்டில் நாளாந்த விஷயமானது. பழைய இரும்பு வாங்குபவர்களோடு தொடர்பு வைத்து, அவர்கள் கிராமங்களில் எடுக்கும் எலெக்ட்ரொனிக் சாமான்களை வாங்கித் திருத்தி விற்கும் இளைஞர்கள் சிலர் உருவானார்கள்.

சம்பவம்

அவர்களில் ஒருவர், நல்ல கைவேலைக்காரர், ஒரு நாள் இரவு விற்பனைப் பதிவொன்றைப் போட்டார். சிவப்பும் வெள்ளையுமான ஃபமிகொம் பிரதி, இரண்டு கொன்ட்ரோலர், ஒரு பலவிளையாட்டுக் கசெற். கூடவே நான்கு வரிக் கதை: இறுதி யுத்தத்தில் பங்கருக்குள் புதைத்து வைத்தது, விளையாடிய பிள்ளை இன்று உயிருடன் இல்லை, மண்ணிலிருந்து எடுத்து உயிர் கொடுத்திருக்கிறேன். விலை 85,000 ரூபா. அதே வகைப் பெட்டி, ஓடும் நிலையில், குழுவில் அப்போது 8,000 முதல் 12,000 வரை போய்க்கொண்டிருந்தது.

ஒரு மணித்தியாலத்துக்குள் ரொறன்ரோவில் இருக்கும் உறுப்பினர் ஒருவர் தனக்கு வேண்டும் என்றார். கிளிநொச்சியில் இருக்கும் தன் உறவினர் மூலம் பாதிக் காசை அடுத்த நாள் காலையே கொடுப்பித்தார். நேர வித்தியாசம் பத்தரை மணித்தியாலம். நாங்கள் எழும்பிப் பார்க்கும்போது பேரம் முடிந்திருந்தது.

அன்று மாலை வவுனியாவில் வேலை செய்யும் பெண் உறுப்பினர் ஒருவர் குழுவில் எழுதினார்: "அந்தக் கசெற்றின்ர பின்பக்கத்தை ஒருக்காப் படம் எடுத்துப் போடுங்கோ அண்ணை." விற்பவர் போட்டார். கவராய நுனியால் கீறிய இரண்டு எழுத்துகள் அதில் இருந்தன. அடுத்து அந்தப் பெண் எழுதியது ஒரே வரி: "அது எங்கட அண்ணான்ர."

பிறகு நாங்கள் கதைத்து அறிந்தது இது. 2004 இல் வாங்கிய பெட்டி. 2008 இன் பிற்பகுதியில் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது தாய் அதைப் பொலித்தீனில் சுற்றி உரப்பைக்குள் போட்டு, தையல் மெசினின் தலையோடும் பித்தளைச் சாமான்களோடும் சேர்த்து வளவுக்குள் தாட்டார். பங்கருக்குள் அல்ல. மகன் 2009 இல் இல்லாமல் போனார். முகாமிலிருந்து மீள்குடியேறி வந்து தோண்டி எடுத்த பின், அது ஓடாமல் வீட்டுச் சாமான் அறையில் கிடந்தது. கடைசி மகனுக்குத் தமையனோடு விளையாடிய நினைவில்லை. தாய் இல்லாத நேரம் பழைய இரும்புக்காரர் வந்தபோது உடைந்த மின்விசிறியோடு சேர்த்து அதையும் கொடுத்துவிட்டார். கைமாறி வந்ததை விற்பவர் 1,500 ரூபாவுக்கு வாங்கியிருந்தார். கதையின் ஒரு நுனிதான் அவர் காதில் விழுந்தது. மிச்சத்தை அவரே நிரப்பினார்.

நாங்கள் கவனித்தவை

அந்தப் பெண்ணின் வரிக்குப் பிறகு பதிவுகள் மளமளவென்று விழுந்தன. விற்றவரைத் திட்டுகிறவர்கள் ஒரு பக்கம். சட்டப்படி அவர் காசு கொடுத்து வாங்கியவர்தானே என்கிறவர்கள் மறுபக்கம். இந்த வாதம் எந்தக் குழுவிலும் வரும். எங்களைப் பதறவைத்தது மூன்றாவது வகை. அண்ணா எப்படி இறந்தார், எந்த இடத்தில், அவர் எதிலாவது இருந்தவரா என்று சிலர் அக்கறையாகவே கேட்கத் தொடங்கினார்கள். வன்னியில் ஒரு குடும்பத்திடம் இருநூற்றுச் சொச்சம் பேர் முன்னால் கேட்கக்கூடிய கேள்விகள் அல்ல அவை. பதில் சொன்னாலும் ஆபத்து, சொல்லாமல் விட்டாலும் அது ஒரு பதிலாக வாசிக்கப்படும். கேட்டவர்களில் கூடுதலானோர் வெளிநாட்டில் இருந்தார்கள். அவர்களுக்கு அந்தப் பாரம் விளங்கவில்லை.

இரண்டாவதாகப் பெட்டியைப் பற்றி ஒன்று. அது பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை ரிவிக்கும் 230 வோல்ற் கரண்டுக்கும் செய்தது. கனடாவின் பழைய ரிவிகள் என்ரிஎஸ்சி (NTSC) என்ற வேறு முறையில் ஓடுபவை, அங்கே வீட்டுக் கரண்ட் 120 வோல்ற். அடப்டரும் மாற்ற வேண்டும், படம் விழ வேறு வழியும் தேட வேண்டும். வாங்கியவர் இதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. 85,000 ரூபா கொடுத்தது விளையாட அல்ல என்பது அதிலேயே தெரிந்தது. கதையைத்தான் அவர் வாங்கினார். அவர் கெட்ட மனிதர் இல்லை. முல்லைத்தீவில் பிறந்து சிறு வயதில் வெளியேறியவர். தன் பிள்ளைகளுக்குக் காட்ட ஊரிலிருந்து ஏதாவது வேண்டும் என்று ஏங்கியவர்.

விற்றவரைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் ஈரம் குடித்த சேர்க்கிட் போட்டைச் சுத்தம் செய்து, ஊதிப்போன கப்பாசிற்றர்களையும் 5 வோல்ற் கொடுக்கும் 7805 றெகுலேற்றரையும் மாற்றி, கசெற் செருகும் இடத்தின் 60 பின்களையும் ஒவ்வொன்றாகத் துடைத்து அவர் அதை ஓடவைத்திருந்தார். இந்தப் பிரதிகளில் மூளையான சிப் பெரும்பாலும் கறுப்புப் பசைத் துளிக்குக் கீழே போட்டோடு ஒட்டியிருக்கும், மாற்ற இயலாது. அது தப்பியிருந்ததால்தான் வேலை சரிவந்தது. அந்த உழைப்புக்குக் கூலி இருக்கிறது. அவர் குடும்பமும் இதே இடப்பெயர்வில் எல்லாவற்றையும் இழந்த குடும்பம்.

மூன்றாவதாக, தகராறு ஓயும் முன்பே திருத்தக் குழுவில் இன்னும் இரண்டு விற்பனைப் பதிவுகள் போர்க்கதையோடு வந்தன. ஒன்றில் இருந்த கொன்சோல் 2010க்குப் பிறகு சந்தைக்கு வந்த வகை. கதை விலை ஏற்றும் என்பதை ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, அன்றிரவே குழுவில் அட்மின்கள் மட்டும் எழுதலாம் என்று மாற்றியது. மற்றவர்களின் பதிவை எல்லாருக்குமாக அழிக்கும் வசதி அட்மின்களுக்கு அந்த ஆண்டில்தான் வந்திருந்தது. அதைப் பயன்படுத்தி இறப்பைப் பற்றிய கேள்விகள் அனைத்தையும் அழித்தோம். வாயை அடைக்கிறீர்கள் என்று சிலர் தனியே எழுதினார்கள். கேள்வி கேட்பவரின் உரிமையை விட, கேட்கப்பட்ட குடும்பம் நாளைக்கும் அதே ஊரில் இருக்க வேண்டும் என்பது எங்களுக்குப் பெரிதாகப் பட்டது. அழிக்க முன் ஒன்றிரண்டு பேர் ஸ்கிரீன்ஷொட் எடுத்து முகநூலில் போட்டிருந்தார்கள். தனித்தனியே கேட்டு ஒன்றை எடுப்பித்தோம். மற்றது எடுபடவில்லை.

இரண்டாவது, மூன்று தரப்போடும் தனித்தனியாக, எழுத்தில் அல்லாமல் போனில் கதைத்தது. தங்கையோடு எங்கள் மூவரில் பெண்ணாக இருப்பவர் கதைத்தார். விற்றவரோடு நான் கதைத்தேன். யார் சொந்தக்காரர் என்று தீர்ப்புச் சொல்வதில்லை என்று முதலே உறுதியாக இருந்தோம். விற்றது வீட்டுப் பிள்ளை, வாங்கியவர் காசு கொடுத்தவர். அதைத் தீர்க்க எங்களுக்கு அதிகாரமும் இல்லை, தகுதியும் இல்லை. ஒவ்வொருவரிடமும் உங்களுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேட்டோம்.

தங்கை கேட்டது இரண்டு. அம்மாவுக்கு இன்னும் தெரியாது, தெரியமுன் பெட்டி வீட்டுக்கு வர வேண்டும். மற்றது ஒரு கேள்வி: "அண்ணா எடுத்த ஸ்கோர் உள்ளுக்க இருக்குமா அக்கா?" இருக்காது என்பதைச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கால விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றில் ஸ்கோர் பெட்டியின் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும், சுவிட்சை நிற்பாட்டினால் போய்விடும். செல்டா போன்ற சில கசெற்றுகளுக்குள் நாணய அளவு பற்றறி ஒன்று இருந்து சேமிப்பைக் காக்கும். மலிவுப் பலவிளையாட்டுக் கசெற்றில் அது கிடையாது. இதைச் சுற்றி வளைக்காமல் சொன்னதற்குப் பிறகு நன்றி சொன்னார். ஆறுதலுக்காக வேறு மாதிரிச் சொல்லலாமா என்று எங்களுக்குள் ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றுதான் மற்ற இருவரும் நின்றோம். ஏற்கெனவே அந்தப் பெட்டியைச் சுற்றி ஒரு பொய் இருந்தது.

விற்றவர் முதலில் கோபப்பட்டார். "நான் களவெடுக்கேல்லை அண்ணை" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். களவு என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் பங்கர் என்று எழுதியது யார் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வாங்கிய காசும் சாமான் காசும் கூலியும் கிடைத்தால் கொடுக்கிறேன் என்றார். எல்லாம் சேர்த்து 7,500 என்று ஒத்துக்கொண்டோம்.

மூன்றாவது முடிவு விதி பற்றியது: நினைவும் விலையும் ஒரே பதிவில் வரக்கூடாது. விற்பனைக்கென்று தனிக் குழு. அங்கே போடும் பதிவில் பெட்டியின் வகை, மூடி கழற்றிய போட்டின் படம், ஓடும் வீடியோ, அடப்டரின் வோல்ற் அளவு, அதன் செருகியின் நடுமுனை பிளஸா மைனஸா என்பது, விலை, இவை மட்டும். ஃபமிகொம் அசலில் நடுமுனை மைனஸ், பிரதிகளில் மாறி மாறி வரும். தவறான அடப்டரைச் செருகிப் போட்டைக் கருக்கிய உறுப்பினர்கள் எங்களுக்குள்ளேயே இருந்ததால் இந்த விவரம் கட்டாயமானது. யாருடையது, எங்கே இருந்தது, யார் இல்லை என்பது விற்பனைக் குழுவுக்குள் வராது. கதை சொல்லப்படும் பொருள் முதன்மைக் குழுவில் வரலாம், விற்பனைக்கு வராது.

போர்க்கதைகளையே முழுதாகத் தடுக்கலாம் என்ற யோசனையும் வந்தது. அதை நாங்கள் ஏற்கவில்லை. அந்தக் கதைகள்தான் வன்னி ஆட்களை இந்தக் குழுவில் மற்றவர்களுக்குச் சமமாக நிறுத்தியவை. அவற்றை எடுத்துவிட்டால் அலுமாரி வைத்திருப்பவர்களின் கண்காட்சிதான் மிஞ்சும்.

பிறகு நடந்தவை

ரொறன்ரோ உறுப்பினர் விஷயம் தெரிந்ததும் உடனே விலகினார், பாதிக் காசும் அவர் உறவினரிடம் திரும்பியது. தானே 7,500 ஐக் கொடுத்துப் பெட்டியைத் தாய்க்கு அன்பளிப்பாக அனுப்புவதாகக் கேட்டார். நாங்களும் குழுவில் சேர்த்துத் தரலாமா என்று கேட்டுப் பார்த்தோம். தங்கை இரண்டையும் மறுத்தார். தன் சம்பளத்தில் இரண்டு தடவையாகக் கட்டினார். முதல் தடவை கட்டியதுமே விற்றவர் பெட்டியைக் கொடுத்துவிட்டார், மிச்சத்துக்குக் காத்திருந்தார். இதை அவர் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும்.

எல்லாம் திரும்பவில்லை. பெட்டியோடு வந்த, டக் ஹன்ட் என்ற வாத்துச் சுடும் கேமின் விளையாட்டுத் துவக்கையும் இன்னொரு கசெற்றையும் பதிவு போடுவதற்கு முன்பே அவர் யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கு பஸ்ஸில் போட்டு அனுப்பியிருந்தார். வாங்கியவர் குழுவில் இல்லாதவர். இரண்டு முறை கேட்டும் பதில் வரவில்லை. அந்தத் துவக்கு குண்டு ரிவியின் திரையில் மட்டும்தான் வேலை செய்யும், இன்றைய தட்டை ரிவியில் குறி விழாது. வாங்கியவருக்கு அதனால் என்ன பயன் என்று தங்கை கேட்டார். எங்களிடம் பதில் இருக்கவில்லை.

விற்றவர் குழுவை விட்டுப் போனார். சில மாதங்கள் கழித்து, ஒருவரின் பிளேஸ்டேசன் வட்டு சுழன்றும் வாசிக்காமல் நின்றபோது, யாருக்கும் பிடிபடாத பழுதை அவரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று உறுப்பினர்களே சொன்னார்கள். திருத்தக் குழுவுக்கு மட்டும் வந்தார், இன்னும் இருக்கிறார். விற்பனைக் குழுவில் சேரவில்லை.

வெளிநாட்டு உறுப்பினர்கள் சிலர் விலகினார்கள். ஊர்ச் சாமான் ஊர்க் கதையோடு கிடைப்பதற்காகத்தான் இருந்தோம் என்று ஒருவர் வெளிப்படையாகவே எழுதினார். விற்பனை குறைந்தது, விலைகள் பழைய அளவுக்கு இறங்கின. முதன்மைக் குழுவில் எழுதுகிறவர்களில் பெண்கள் கூடினார்கள். அண்ணன்மார் விளையாடப் பக்கத்தில் இருந்து பார்த்த தங்கைமார் இத்தனை பேரா என்று நாங்களே ஆச்சரியப்பட்டோம்.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

இன்று இப்படி ஒரு குழுவைத் தொடங்குகிறவருக்கு முதலாவதாக அறிமுக வழக்கத்தைப் பற்றிச் சொல்வேன். படம் போடு என்றால் இல்லாதவர் இழப்பைச் சொல்லித்தான் உள்ளே வர வேண்டியிருக்கும். எங்கள் குழுவில் இப்போது கேட்பது: எந்த விளையாட்டை முடிக்க ஆசை, உங்களுக்கு எந்த வேலை கைவரும். ஈயம் வைக்கத் தெரியும், எழுதத் தெரியும், ஒன்றும் தெரியாது ஆனால் பார்க்கப் பிடிக்கும், எல்லாமே சரி.

விற்பனையை முதல் நாளிலிருந்தே தனியாக வைக்க வேண்டும். பேச்சுக்குள் விலை கலந்து பழகிய பிறகு பிரிப்பது கடினம், பிரிக்கும்போது யாரையோ குறிவைப்பதாகத்தான் தெரியும்.

குழுவைப் பூட்டும் பொறுப்பு நேரத்தோடும் சேர்ந்தது. எங்கள் இரவு கனடாவின் பகல். ஆகவே இப்போது ரொறன்ரோவில் ஒருவரையும் அட்மினாகச் சேர்த்திருக்கிறோம். முன்பு 85,000 கொடுக்க வந்தவர்தான் அவர். இறப்பு, காணாமற்போனது, இயக்கம் பற்றிய கேள்வி எந்தப் பதிவுக்குக் கீழும் வந்தால், மற்ற அட்மின்களைக் கேட்காமலே அழிக்கலாம் என்பது எங்களுக்குள் உள்ள உடன்பாடு.

பழைய இரும்பு வழியாக வந்த சாமான்களுக்கு ஒரு காத்திருப்பு வைத்திருக்கிறோம். பெயர், கீறல், ஒட்டிய படம் என்று எந்த அடையாளம் இருந்தாலும் அதன் படம் மட்டும் முதலில் விற்பனைக் குழுவில் போடப்படும். இரண்டு கிழமைக்கு விலை சொல்லக்கூடாது. யாராவது தங்களுடையது என்றால் அட்மினிடம் தனியே சொல்வார்கள். வாங்கிய காசும் கூலியும் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். திருத்தி விற்கும் இளைஞர்கள் இரண்டு கிழமை கூடிப்போச்சு, போட்ட காசு முடங்கிப்போகிறது என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு கிழமையாகக் குறைப்பதா, வாங்கிய விலையை அந்த இடைவெளிக்குக் குழுவே முன்பணமாகக் கொடுப்பதா என்று இப்போது கதைத்துக்கொண்டிருக்கிறோம்.